குப்பி கொண்டு வந்தியளா?

சிதறால் என்றதும் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு ஞாபகம் வருவது மலையும், மலைமேல் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களும்தான். ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்பங்கள். ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்தில் ஆட்டோ பிடித்துப் போய், ஏறி, போட்டோ எடுத்து, இறங்கி, ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். மேலிருந்து பார்க்கும்போது சுற்றிலும் தெரிகிற பச்சையில் பாதி என்ன மரம் என்று யாரும் கேட்பதில்லை. ரப்பர்.

பெரிய எஸ்டேட்டுகளைச் சொல்லவில்லை. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற வீடுகள். விடிவதற்குள் பால் வெட்டி, சிரட்டையில் சேர்ந்ததை வாளியில் எடுத்துவந்து, வீட்டுப் பின்புறத்தில் டிஷ்ஷில் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடித்துக் காயப் போடுகிறார்கள். உறைய வைக்கத்தான் ஆசிட். பார்மிக் ஆசிட். 1671-ல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்தது இது. எறும்பின் லத்தீன் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்தச் சமாசாரம். ஆனால் எறும்பு வைத்திருப்பது துளியில் துளி. கடையில் விற்பது 85 சதவீத ஆசிட். பாலில் ஊற்றும் முன் அதை ஒரு சதவீதம் அளவுக்குத் தண்ணீரில் நீர்க்கவைக்க வேண்டும். அதாவது, வேலைக்குத் தேவையானதைவிட எண்பது மடங்கு காரமான சரக்கு ஒன்று அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

எதில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இந்த வாரம் என் சண்டை.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் கடையில் அரைமணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆசிட் பெரிய கேனில் இருக்கிறது. கேன்மேல் கையை ஆசிட் அரிக்கிற படம், எச்சரிக்கை, கம்பெனி பெயர் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது. வாங்க வந்த அம்மாவிடம் கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "குப்பி கொண்டு வந்தியளா?"

கொண்டு வந்திருந்தார். கூல்டிரிங்ஸ் பாட்டில். கலர் லேபிள்கூடக் கிழியவில்லை. ஆசிட் கேனிலிருந்து குப்பிக்குப் போனது. எச்சரிக்கை கேனிலேயே நின்றுவிட்டது.

"நீங்க ஒரு லேபிளாவது ஒட்டிக் கொடுக்கக் கூடாதா?" என்றேன்.

"எதுக்கு சார்? இங்க எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் என்றால் யாருக்கு? மூன்று வயசுப் பேரனுக்குத் தெரியுமா? லீவுக்கு வந்த சென்னை மருமகனுக்கு? நேற்று வேலைக்குச் சேர்ந்த வெளிமாநிலத் தொழிலாளிக்கு? கரண்ட் போன ராத்திரியில் தாகமெடுத்து எழுந்த தாத்தாவுக்கு? பார்க்க அது தண்ணீர் மாதிரி நிறமில்லாதது. நெடி அடிக்கும், உண்மை. ஆனால் எவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறான்? அண்ணாந்து ஊற்றிக்கொள்கிற பழக்கம் நமக்கு. மூக்கு சொல்வதற்குள் தொண்டை தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன ஆகும் என்பதை ரப்பர் நாடான கோட்டயத்தின் அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். வாயும் உணவுக்குழாயும் இரைப்பையும் வெந்துபோகும். அதோடு நிற்காது. ரத்தத்தில் அமிலம் ஏறும், சிவப்பணுக்கள் உடையும், சிறுநீரகம் கெடும். பிழைத்தவர்களிலும் சிலருக்கு உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கி, கஞ்சி இறங்குவதே பெரும்பாடு. தவறுதலாகக் குடித்தவர்கள் மட்டுமல்ல, மனம் உடைந்து குடித்தவர்களும் அந்தக் கணக்கில் நிறையப் பேர். கைக்கெட்டுகிற இடத்தில் பூட்டில்லாமல் இருப்பது அதற்கும் ஒரு காரணம்தான். இலங்கையில் 1995-லிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்தில் தற்கொலைச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. யாரும் வீடு வீடாகப் போய் உபதேசம் செய்து வந்த பலன் அல்ல அது.

நம் ஊரில் எது நடந்தாலும் ரெடிமேடாக ஒரு பதில் உண்டு: "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை." பேரணி போவார்கள், பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவார்கள், நோட்டீஸ் கொடுப்பார்கள். விற்றவனை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இதே மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் என்று சொல்லப்படும் முந்திரி ஆலைகளில் பார்க்கலாம். ஓட்டில் இருக்கிற எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்கும். அங்கே உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல கையுறை கொடுக்கவேண்டியது முதலாளியின் பொறுப்பு. அது எப்படியோ தொழிலாளியின் 'ஜாக்கிரதை'யாக மாறிவிட்டது. கேட்டால், "பழகிப்போச்சு." கைக்குப் பழகாது அய்யா, வலிக்குத்தான் பழகும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஆசிட் வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சில்லறையில் ஆசிட் விற்கிறவர் பதிவேடு வைக்கவேண்டும், வாங்குபவரின் பெயர், முகவரி, அரசு அடையாள அட்டை, எதற்கு வாங்குகிறார் என்ற காரணம் எல்லாம் வேண்டும், 18 வயதுக்குக் கீழ் இருந்தால் கொடுக்கக் கூடாது. நான் நின்ற அரைமணி நேரத்தில் எந்தப் பதிவேடும் என் கண்ணில் படவில்லை. சரி, பதிவேடு வந்தாலும் அது வீசுகிறவனைப் பிடிக்கத்தான் உதவும். தெரியாமல் குடிக்கப்போகிற குழந்தையை அது காப்பாற்றாது. குழந்தையைக் காப்பாற்றுவது குப்பியும் மூடியும். அமெரிக்காவில் 1970-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள்: ஆபத்தான மருந்துக்கும் ரசாயனத்துக்கும் குழந்தை திறக்க முடியாத மூடி. வீட்டில் மாத்திரையை விழுங்கிச் செத்த குழந்தைகளின் எண்ணிக்கை சடசடவென்று குறைந்தது. அங்கே அம்மாக்கள் எல்லாரும் ஒரே ராத்திரியில் உஷாராகிவிட்டார்களா என்ன? மூடி மாறியது.

இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது. நாம் செய்கிற முதலுதவி. ஆசிட் குடித்துவிட்டார் என்றால் ஓடிவந்து உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கிறோம். இறங்கும்போது ஒருமுறை வெந்த குழாய், ஏறும்போது இன்னொரு முறை வேகிறது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கும் இதையே செய்கிறோம். அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகிறது. ஆசிட்டுக்கு எதிர்மருந்து என்று சோடா உப்பு, சுண்ணாம்புத் தண்ணீர் கொடுப்பதும் தப்பு. உள்ளே வெப்பமும் வாயுவும் கிளம்பி, வெந்த இடத்தை இன்னும் கெடுக்கும். நினைவு இருந்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் விழுங்க எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

தோலிலோ கண்ணிலோ பட்டால் தண்ணீர்தான் மருந்து. நனைந்த துணியையும் வளையல், மோதிரத்தையும் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது இருபது நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம். குழாய் இல்லையென்றால் வாளி வாளியாக ஊற்றுங்கள். கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிவிட்டு, எரிச்சல் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். நீர்க்கவைக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்றவேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குடித்த பாட்டிலையும் எடுத்துப் போங்கள் என்று எல்லா முதலுதவிப் புத்தகமும் சொல்கிறது. நல்ல யோசனை. குழித்துறை ஆஸ்பத்திரியிலோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ டியூட்டி டாக்டர் அதை வாங்கிப் பார்க்கிறார். ஆரஞ்சுப் படம் போட்ட லேபிள். அவர் என்ன வைத்தியம் செய்வார்?

இது ஏதோ ரப்பர்க்காரர்கள் பிரச்னை என்று நினைக்கிற சென்னை, கோவை வாசகர்கள் எழுந்துபோய் பாத்ரூம் அலமாரியைத் திறந்து பாருங்கள். தெருவில் சைக்கிளில் வருகிறவரிடம் வாங்கிய பினாயிலும் ஆசிட்டும் எந்தப் பாட்டிலில் இருக்கின்றன? கக்கூஸ் ஆசிட் ஊற்றிய இடத்தில் 'நல்லா வெளுக்கட்டும்' என்று பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு, நாலுக்கு நாலு பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு.

கடைக்காரரிடம் திரும்பக் கேட்டேன், தனிக் குப்பியில் விற்றால் என்ன என்று. "அந்தக் காச யாரு சார் குடுப்பா?" என்றார். நியாயமான கேள்வி. ஷீட் விலை விழுகிற மாசத்தில் அரை ஏக்கர்க்காரர் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணுகிறார். அவர் தலையில் இதையும் கட்டுவது அநியாயம். எனவே கேள்வியை ரப்பர் வாரியத்துக்குத் திருப்புகிறேன். ஷீட்டுக்குத் தரம் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆசிட்டுக்கு ஒரு குப்பி தயாரிக்கத் தெரியாதா? ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பத்து சதவீதத்துக்கு நீர்க்கவைத்த ஆசிட்டை, வேறு எதற்கும் பயன்படாத வடிவத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய மஞ்சள் கேனில், காலிக் கேனைத் திருப்பிக் கொடுத்தால் நிரப்பித் தருகிற முறையில் விற்கலாம். முதல் கேனை வாரியம் இலவசமாகக் கொடுக்கட்டும். அதுவரைக்கும், குடிக்கிற பாட்டிலோடு வருகிறவருக்கு ஆசிட் இல்லை என்று ஒரு போர்டு எழுதி மாட்ட கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும். அதற்கு ஒரு தாள்தான் செலவு.