நடவுக்குப் போகிறவள் கூலி கொடுப்பாளா?

குரும்பகரத்திலிருந்து வந்த அந்தப் பெண் நம் மேசைமேல் வைத்தது நான்கு தாள்கள். கைப்பேசிக்கு வந்ததைக் கடையில் கொடுத்து அச்செடுத்திருந்தார். முதல் தாளில் முத்திரைத்தாள் போல ஒரு படம். அதன் கீழே அவர் பெயரும், திரையில் விரலால் கிறுக்கிய கையெழுத்தும். கடைசித் தாளில் ஒரு வக்கீல் பெயர், தராசுச் சின்னம், சிவப்பு எழுத்தில் ஒரு கெடு. ஒப்பந்தத்தை மீறிவிட்டாராம், பணம் கட்ட வேண்டுமாம், கட்டாவிட்டால் கைதாம். "போலீஸ் வீட்டுக்கே வந்துடுமா அண்ணே? அப்பாவுக்கு இன்னும் தெரியாது" என்றார். தமிழ் இலக்கியம் படித்தவர். கவிதை எழுதுகிறவர். எழுத்தால் நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்ததைத் தவிர வேறு தவறு செய்யாதவர்.

இது ஒரு வீட்டோடு முடிகிற கதையாக இருந்தால் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்போம். நாடு முழுக்க இதே நான்கு தாள்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு சுற்றுகின்றன. காரைக்கால் மாவட்டத்தில் கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்கள் கல்லூரி இருக்கிறது, பட்டம் பெற்று ஆண்டுதோறும் வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்கள். படித்த தமிழுக்கு வேலை கொடுக்கும் இடந்தான் இல்லை. தலைநகரம் புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கு அப்பால். சுற்றிலும் நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும், அதாவது வேறு மாநிலம். வீட்டிலிருந்தபடியே எழுதிச் சம்பாதிக்கலாம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால், நெடுங்காட்டுக்கும் குரும்பகரத்துக்கும் நடுவே பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது மழைச்சேதி போலத்தான் கேட்கும்.

மோசடி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். இதை அறிந்தவர் ஏமாறுவது அரிது. முதலில் டெலிகிராமிலோ முகநூலிலோ விளம்பரம் வரும்: பக்கத்துக்கு இவ்வளவு, அனுபவம் தேவையில்லை. சிலர் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். கெட்டிக்காரர்கள் கேட்கமாட்டார்கள், "எங்களுக்கு உங்கள் பணம் வேண்டாம், உழைப்புதான் வேண்டும்" என்பார்கள். நம்பிக்கை வந்ததும் அடையாள அட்டை, கையெழுத்து. பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தட்டச்சு செய்யவோ மாற்றி எழுதவோ சொல்லி ஐந்தாறு நாள் கெடு வைப்பார்கள். தூங்காமல் முடித்துக் கொடுத்தால், பிழை அளவுக்கு மேல் போய்விட்டது என்று ஓர் அறிக்கை வரும். கடைசி நாளில் அந்தத் தளமே திறக்காமல் போவதும் உண்டு. மறுநாள் 'சட்டப் பிரிவு' பேசும். குரல் கடுமையாக இருக்கும்; ஒப்பந்தப்படி சில ஆயிரம் கட்டு, இல்லையென்றால் வழக்கு. அவர்களுடைய வரும்படி அந்தத் தொலைபேசி அழைப்பில்தான் இருக்கிறது. நீங்கள் அடித்துக் கொடுத்த பக்கங்களை யாரும் படிக்கப்போவதில்லை.

பயப்படத் தேவையில்லாததன் காரணத்தையும் சொல்லிவிடுவோம். ஒரு வேலையை ஒப்புக்கொண்டு முடிக்காமல் விடுவது உரிமையியல் சிக்கல். அதற்காக மட்டும் காவல்துறை யாரையும் கைது செய்வதில்லை. ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை ஏமாந்தவர் செல்லாததாக்கலாம் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் வக்கீல் நோட்டீஸ், அது உண்மையான வக்கீலுடையதாகவே இருந்தாலும், நீதிமன்ற உத்தரவு ஆகாது. பணம் கட்டிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கைமாறுவதை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ஒரு வாரம் அழுதுவிட்டுச் சொன்னால் அந்த வாய்ப்பு மெலிந்துவிடும்.

அந்தப் பெண் பணம் கட்டவில்லை. எண்ணை முடக்கினார், புகார் கொடுத்தார். அப்பாவிடமும் சொன்னாராம். அப்பா கேட்ட கேள்வியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறோம். வயலில் இறங்கும்முன் மிராசுதாரருக்குக் கூலி கொடுத்துவிட்டு நாற்று முடியைக் கையில் எடுத்த பெண் இந்தக் காவிரிக் கடைமடையில் உண்டா? கூலி குறைந்த காலம் இருந்தது, நெல்லுக்குப் பதில் பதரை அளந்த காலமும் இருந்தது. ஆனால் பணம் போகும் திசை யாருக்கும் குழம்பியதில்லை. எழுத்து வேலையில் மட்டும் அந்தத் திசை தலைகீழாகிவிட்டது. எழுதத் தொடங்குகிறவரிடமே வசூலிப்பது ஒரு தொழிலாக வளர்ந்திருக்கிறது. அபாயமணி அடிப்பது இதற்காகத்தான்.

மிரட்டாமல், பூங்கொத்துக் கொடுத்து வசூலிக்கிற கூட்டமும் இருக்கிறது. கவிதைத் தொகுப்பு போடுகிறோம், ஆளுக்குச் சில நூறு ரூபாய், ஒரு பக்கம் உங்களுக்கு, இணையாசிரியர் என்று சான்றிதழ், மேடையில் ஒரு கேடயம். சட்டப்படி இதில் குற்றம் ஏதும் இல்லை. ஆசைப்பட்டுச் செலவழிப்பவரைக் குறை சொல்லவும் நமக்கு மனமில்லை; ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுப்பது போல அதுவும் ஒரு மகிழ்ச்சி. அதை 'எழுத்துலக நுழைவு' என்று விற்பதுதான் பொய். அந்தத் தொகுப்பை வாங்குகிறவர்கள் அதில் எழுதியவர்கள் மட்டுமே. சொந்தப் புத்தகம் போட வருகிறவர்களிடம் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கென்று தனிக் கட்டணம் போடும் பதிப்பகங்களையும் பார்க்கிறோம். இந்தியாவில் அந்த எண்ணை வழங்குவது கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை. அது ஒரு பைசா வாங்குவதில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. நமக்குப் பக்கத்துக் கும்பகோணத்தில் பிறந்த கு.ப.ராஜகோபாலன் கண் கோளாறால் அரசு வேலையை விட்டு எழுத்தையே நம்பினார். 1944-இல் 42 வயதில் இறந்தார். புதுமைப்பித்தன் 1948-இல் காசநோயில் போனபோது அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அதே கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராம் சரிகை வியாபாரத்தில் வந்த பணத்தைத் 'தேனீ' பத்திரிகையில் விட்டுவிட்டு, பிற்பாடு பதிப்பகத்துக்காக வாழ்க்கை வரலாறுகளை வரிசையாக எழுதிக் குடும்பத்தை நடத்தினார். சாகித்திய அகாதமி விருது 1993-இல் வந்தது, எழுபது தாண்டிய பிறகு. நம் புதுச்சேரியின் பிரபஞ்சன் குமுதம், குங்குமம், ஆனந்த விகடன் என்று வார இதழ்களில் வேலை பார்த்தும், பிறகு எழுத்தை மட்டுமே நம்பியும் வாழ்ந்தார். 2018 டிசம்பரில் மறைந்தபோது புதுச்சேரி அரசு மரியாதை செய்து வழியனுப்பியது. உயிரோடு இருந்த நாள்களில் வாடகைக்கு உதவாத மரியாதை அது. இவர்கள் பட்டது வறுமை. ஆயினும் சன்மானம் சிறிதாகவோ தாமதமாகவோ இவர்களை நோக்கித்தான் வந்தது. முதல் கதையை அனுப்பக் கட்டணம் கட்டு என்று இவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

பணம் ஒன்றும் கேட்காமல், எழுதியதையே மொத்தமாக எடுத்துக்கொள்கிற இன்னொரு வாசலும் இருக்கிறது. காதால் கேட்கும் கதைகளுக்கு இப்போது பெரிய சந்தை. தொடர்கதை எழுதித் தரச் சொல்லி இளைஞர்களைத் தேடுகிறார்கள். அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கவும் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் உலகம் முழுமைக்கும், எல்லா வடிவத்துக்கும், எக்காலத்துக்கும் உரிமை என்று ஒரு வரி இருக்கும். இருபது பக்க ஆங்கிலத்தில் பதினேழாம் பக்கத்தில் இருக்கும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுதுகிறவருக்கு நாம் நினைப்பதைவிட நல்ல நண்பன். ஒருவரிடம் சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக எழுதுகிறவரின் எழுத்து அவருக்கே சொந்தம். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டுந்தான். ஒலிப்பதிவில் சேரும் எழுத்துக்கு ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுத்தாளர் விட்டுக்கொடுக்கவே முடியாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. அவர் வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே அதை மாற்றித் தரலாம். பாரதியின் எழுத்துக்கு உரிமை யாருடையது என்று அவர் காலத்துக்குப் பிறகு எழுந்த தகராறு 1949-இல் சென்னை அரசு அதை வாங்கிப் பின்னர் பொதுவாக்கும்வரை போனது. அவர் எழுதிய மொழியில் பிறந்தும் நம் பிள்ளைகள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

கணினி எழுதித் தரும் காலம் இது என்பதும் சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தா (முன்னாள் படைவீரர்) குடும்பங்களுக்குக் கடிதமும் சான்றிதழும் மொழிபெயர்த்துக் கொடுத்தே பேனா பழகியவர்கள் காரைக்காலில் இருந்தார்கள். இப்போது துண்டறிக்கை, மெய்ப்புப் பார்த்தல், சிறு மொழிபெயர்ப்பு என்று தொடக்கநிலை வேலைகள்தான் முதலில் இயந்திரத்துக்குப் போகின்றன. மிஞ்சுவது, இயந்திரம் எழுதியதைத் திருத்திக் கொடு என்கிற பாதிக் கூலி வேலை. ஏணியின் கீழ்ப்படி உடைந்துகொண்டிருக்கும்போது அங்கே நின்று டிக்கெட் கிழிக்கிறவர்களுக்குக் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், பெரிய திட்டம் ஒன்றும் நம் கையில் இல்லை. கல்லூரித் தமிழ்த்துறைகள் இறுதியாண்டில் ஒரே ஒரு நாள் ஒதுக்கலாம்: ஒப்பந்தத்தை எப்படிப் படிப்பது, சன்மானச் சீட்டு எப்படி எழுதுவது, வரி பிடித்தால் எப்படித் திரும்பப் பெறுவது. யாப்பிலக்கணத்துக்கு ஒரு பருவம் கொடுக்கிறோம், இதற்கு ஒரு நாள் கொடுத்தால் தமிழ் கோபித்துக்கொள்ளாது. கொம்யூன் பஞ்சாயத்துப் பலகையில் 1930 என்ற எண்ணை எழுதி வைக்க ஒரு டப்பா பெயின்ட் போதும். காரைக்கால் வானொலி தன்னிடம் பேச வருகிறவருக்கு என்ன தருகிறது, எப்படி விண்ணப்பிப்பது என்று நம் கிராமங்களுக்கு வந்து சொல்ல வேண்டும். வாசலுக்கு அருகே ஒரு நிலையம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேலை. சிறு தொழில்களுக்கான உத்யம் அரசுப் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே முடியும். எழுத்துச் சேவையும் ஒரு சிறு தொழில்தான். வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்துகொண்டவருக்கு, வேலை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டுவட்டி. தொழிற்சாலைக்காரர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். எழுத்தாளர்கள் "எப்போ சார் அனுப்புவீங்க" என்று மூன்றாவது முறை கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவு சொல்லும் நாம் சுத்தமா? இல்லை. இந்த இதழில் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்துச் சன்மானம் அனுப்பியிருக்கிறோம். சிலருக்கு அனுப்பவே மறந்திருக்கிறோம். 'வளரும் எழுத்தாளர்' என்ற பட்டத்தைக் கூலிக்குப் பதிலாகக் கொடுத்து நழுவியதும் உண்டு. மோசடிக்காரன் விரிக்கும் வலையில் ஒரு கண்ணி நாம் பின்னியதுதான்: எழுத்துக்குக் காசு எதிர்பார்ப்பது அற்பத்தனம் என்று இளையவர்களைப் பழக்கியது நம்மைப் போன்ற பத்திரிகைகளே.

அடுத்த இதழிலிருந்து கவிதைக்கு எவ்வளவு, கதைக்கு எவ்வளவு, கட்டுரைக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று இரண்டாம் பக்கத்தில் அச்சிடுகிறோம். உரிமை எழுதியவருக்கே என்ற வரியும் அதன் கீழே இருக்கும். பழைய பாக்கி உள்ளவர்கள் ஓர் அஞ்சலட்டையில் இதழின் மாதத்தை மட்டும் எழுதி அனுப்பினால் போதும். குரும்பகரத்துப் பெண்ணின் இரண்டு கவிதைகள் இந்த இதழின் பதினான்காம் பக்கத்தில் இருக்கின்றன. அவருக்குரிய தொகையை அச்சுக்குப் போகும் முன்பே அனுப்பிவிட்டோம்.