சொட்டு மருந்தும் மருந்துதான்

தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



என் அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர், அதாவது கிளாக்கோமா. ஒரு தனியார் மருத்துவமனையில் டைமோலால் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒரு சொட்டு, இரவில் ஒரு சொட்டு. இரண்டாவது வாரம் மாடிப்படி ஏறும்போதே இழுப்பு வந்துவிட்டது. பழைய வீசிங் திரும்பிவிட்டதென்று நெஞ்சு டாக்டரிடம் ஓடினோம். வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டார். "ஒன்றும் இல்லையே" என்றார் அம்மா. கண்ணில் விடுவதை அவர் மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை. கண்ணாடியைத் தேடிக் கைப்பையைத் துழாவியபோது அந்தக் குப்பி வெளியே வந்தது. அன்றே கண் டாக்டரைப் பார்த்து மாற்றச் சொன்னார். மருந்து மாறியது, இழுப்பும் நின்றது.

கண்ணில் விட்ட சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. கண்ணீர் வடியும் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. டைமோலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. இதே நோய்க்குத் தரும் இன்னொரு சொட்டு மருந்தான பிரிமோனிடின் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் தரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது ஆபத்து. மற்றொரு சொட்டு மருந்தான லட்டனோபிராஸ்ட் போட்டால் கண் சிவக்கலாம், இமைமுடி நீளும். பயந்துபோய்த் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். கிளாக்கோமா பெரும்பாலும் வலியே இல்லாமல் பார்வையைத் தின்றுவிடும். போன பார்வை திரும்பாது.

எச்சரிக்கையெல்லாம் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளில் இருக்கிறது. ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்தில். பார்வை மங்கிய 70 வயதுக்காரர் அதை எப்படிப் படிப்பார்?

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அரசு மருத்துவமனைகளில் டைமோலால் எழுதுமுன் வீசிங் உண்டா, இதயக் கோளாறு உண்டா என்று கேட்டு ஓ.பி. சீட்டிலேயே குறிக்கச் செய்யுங்கள். மருந்து தரும் ஜன்னலில் குப்பியோடு ஒரு தமிழ்ச் சீட்டையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். அதில் இப்படி இருக்கட்டும்: சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தவும். அடுத்த சொட்டு மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுக்கவும். டாக்டர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். எந்த டாக்டரிடம் போனாலும் இந்தக் குப்பியைக் காட்டவும். இவ்வளவு இருந்தால் போதும்.

மார்ச் மாதம் உலக கிளாக்கோமா வாரம் வருகிறது. அதற்குள் அந்தச் சீட்டு நோயாளிகள் கைக்கு வந்துசேர ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியர்