கொடி பொறித்த நாணயம்



உங்கள் இல்லத்து உண்டியலில் பழைய இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று கிடக்கக் கூடும். எடுத்துப் பாருங்கள். அதற்குப் பதினொரு விளிம்புகள். ஒரு புறம் சிங்க முத்திரை. மறுபுறம் இந்திய வரைபடமும் அதனுள் தேசியக் கொடியும். 'தேசிய ஒருமைப்பாடு' எனும் சொற்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். 1982-இல் முதன்முதலாக வந்த இக்கருத்து, தொண்ணூறுகளில் அன்றாடப் புழக்கத்துக்குரிய நாணயமாகி, 2004 வரை அச்சடிக்கப்பட்டது.

அக்கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று. அசாம் மாகாண அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியிருந்த முஹம்மது சாதுல்லா, முஸ்லிம் உறுப்பினர் என்ற நிலையில் எழுந்து அதனை ஆதரித்துப் பேசினார். எல்லோருக்கும் உரிய கொடி அது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அந்த அசாமின் பிள்ளைகள் இன்று நம் தெருவில் இருக்கிறார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் பெருகின. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் எனப் பல மாநில இளைஞர்கள் வேலை தேடி வந்தனர். அவர்களுள் நம் மார்க்கத்தவரும் உண்டு. பிற சமயத்தவரும் உண்டு. ஜும்ஆவில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கிறோம். பள்ளிவாசல் படியிறங்கியதும் என்ன நிகழ்கிறது?

ஓர் அறையில் பத்துப் பேரை அடைத்து, தலைக்கு இவ்வளவு என வாடகை வாங்குவோர் நம்மிலும் இல்லையா? தமிழ் அறியாதவனுக்கு ஒரு விலை, அறிந்தவனுக்கு ஒரு விலை எனக் கடை நடத்துவோர் இல்லையா? பெயரைக் கேளாமல் 'வடக்கன்' என்று அழைப்போர் இல்லையா?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காலத்தில் அரபு மண்ணில் புழங்கியவை ரோமானியரின் பொற்காசும் பாரசீகரின் வெள்ளிக்காசுமே. ஹிஜ்ரி 77-இல் கலீஃபா அப்துல் மலிக் தம் தீனாரை வெளியிடும் வரை அந்நிலை நீடித்தது. மக்காவின் வணிகர் காசை நிறுத்தே வாங்கினர். எவருடைய முத்திரை என்பதன்று, எடை சரியா என்பதே கேள்வி. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்வோரைக் கண்டிக்கத் திருமறையில் தனி அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. அங்கே, வாங்குபவன் எந்த ஊரான், எந்த மொழியான் என்ற விதிவிலக்கு எதுவும் இல்லை.

நம் தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்குக் காசு என்பதும் பொருள். நேர்மை என்பதும் பொருள். முன்னதில் ஒருமைப்பாட்டைப் பொறிப்பது அரசின் அச்சுக்கூடத்தால் முடிந்தது. பின்னதில் பொறிப்பது நம் கைகளால் மட்டுமே முடியும்.

எனவே, வீடு வாடகைக்கு விடும் சகோதரர்களே, வாங்கும் முன்பணத்திற்கு ரசீது கொடுங்கள். காலி செய்யும் நாளில் இழுத்தடியாமல் திருப்பித் தாருங்கள். ஆள் வைத்து வேலை வாங்குவோரே, வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள். இல்லத்தரசிகளே, அண்டை அறைப் பிள்ளையின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயராலேயே அழையுங்கள். அவனுக்கும் ஊரில் ஒரு தாய் காத்திருக்கிறாள்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.