சித்தப்பாவின் கையொப்பம்

கி.பி. 41 முதல் 54 வரை உரோமாபுரியை ஆண்டவர் குளோடியஸ். இந்தப் பெயர் நம்மில் பலருக்குப் பழக்கமில்லாதது. ஆனால் அவருடைய காலத்தில் இலங்கையிலிருந்து நான்கு தூதுவர்கள் உரோமாபுரிக்குப் போயிருக்கிறார்கள். பிளினி என்ற உரோம அறிஞர் இதனை எழுதி வைத்துள்ளார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவரின் ஆள், அரேபியக் கரையோரமாகக் கப்பலில் போகையில் புயலில் சிக்கி, பதினைந்தாம் நாள் நமது தீவின் துறைமுகமொன்றில் வந்து சேர்ந்தார். அது இன்றைய குதிரைமலை என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. ஆறு மாதம் அவரை உபசரித்த மன்னன், அவர் கொண்டுவந்த வெள்ளி நாணயங்களில் வெவ்வேறு பேரரசர்களின் தலைகள் இருந்தும் எல்லாம் ஒரே நிறையாக இருந்ததைக் கண்டு வியந்தானாம். இவ்வளவு நேர்மையாக நிறுப்பவர்களோடு உறவு வேண்டும் என்றுதான் தூது அனுப்பினான்.

அந்தப் பேரரசர் பெண்களின் சொத்துத் தொடர்பாகச் செய்த ஒரு காரியம் நாம் அறியவேண்டியது. அதற்கு முன் அவர் யார் என்று பார்ப்போம்.

கி.மு. 10இல் பிறந்த குளோடியஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனை இழந்தார். கால் இழுத்து இழுத்து நடந்தார். பேச்சுத் திக்கியது. பெற்ற தாயே அவரை அரைகுறைப் பிறவி என்று ஏசினார். யாராவது முட்டாள்தனமாக நடந்தால் தன் மகனோடு ஒப்பிட்டுப் பேசுவாராம். வயது வந்த பின்னரும் அவரைத் தன்பாட்டில் விடவில்லை. முன்னர் சுமை மிருகங்களை மேற்பார்வை செய்த ஒருவரை அவருக்குக் காவலாக வைத்தார்கள். அந்த ஆள் காரணமில்லாமல் அடிப்பார் என்று குளோடியஸ் பின்னாளில் எழுதியிருக்கிறார். வீட்டில் ஒதுக்கப்பட்டவர் வாசிப்பிலும் எழுத்திலும் மூழ்கினார். எத்துருஸ்கரின் வரலாற்றை மட்டும் 20 பாகங்களாக எழுதினார்.

கி.பி. 41 ஜனவரியில் அவருடைய அண்ணன் மகன் கலிகுலா என்ற பேரரசன் கொல்லப்பட்டான். பயந்துபோய்த் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த குளோடியஸின் கால்களைக் கண்ட படைவீரன் ஒருவன் அவரை வெளியே இழுத்தான். உயிர்ப்பிச்சை கேட்டு விழுந்தவரை அவன் பேரரசே என்று வணங்கினான். அப்போது அவருக்கு ஐம்பது வயது.

அக்கால உரோமாபுரியில் தகப்பன் இல்லாத பெண், வயது வந்தவளாக இருந்தாலும், ஓர் ஆணின் பாதுகாவலின் கீழ்தான் இருக்கவேண்டும். காணி விற்பதற்கும், சீதனம் கொடுப்பதற்கும், மரணசாசனம் எழுதுவதற்கும் அந்த ஆணின் சம்மதம் தேவை. தகப்பன் வேறொருவரை நியமிக்காமல் இறந்திருந்தால் அந்த இடம் தகப்பன் வழி ஆண் உறவுக்குப் போகும். அண்ணன், தம்பி இல்லாவிட்டால் பெரியப்பா அல்லது சித்தப்பா. அவள் பிள்ளையின்றி இறந்தால் சொத்து யாருக்குப் போகும்? அதே ஆளுக்குத்தான்! அப்படியானவர் அவள் காணியை விற்கச் சம்மதிப்பாரா, வேறொருவருக்கு எழுதிவைக்க விடுவாரா? பாதுகாவல் என்ற சொல் இங்கே யாரைப் பாதுகாத்தது என்பது வெளிச்சம். ஒரு நூறு ஆண்டு கழித்துச் சட்ட நூல் எழுதிய காயஸ் என்பவரும் இதை மறைக்கவில்லை. பெண்கள் எளிதில் ஏமாறுவார்கள் என்று சொல்லப்படும் காரணம் வெறும் சாக்கு, அவர்கள் தங்கள் அலுவல்களைத் தாங்களே பார்க்கிறார்கள் என்று எழுதினார்.

முன்னைய பேரரசர் ஒகஸ்தஸ் மூன்று பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மட்டும் இதிலிருந்து விடுதலை கொடுத்திருந்தார். குளோடியஸின் சட்டமோ சுதந்திரப் பெண்கள் மீதான தகப்பன் வழி உறவினரின் பாதுகாவலை அடியோடு நீக்கியது. தகப்பன் நியமித்த பாதுகாவலரும், விடுதலை பெற்ற அடிமைப் பெண்களின் எசமானரும் தொடர்ந்து இருந்தார்கள் என்பதால் இது முழு விடுதலை அல்ல. ஆனாலும் சித்தப்பாவின் பிடி விட்டது.

இன்னொரு சலுகையும் உண்டு. தானியத் தட்டுப்பாட்டின்போது பசித்த சனங்கள் நடுவீதியில் அவர்மீது பாண் துண்டுகளை எறிந்தார்கள். அதன்பின் தானியக் கப்பல் கட்டுவோருக்குப் பல சலுகைகள் அறிவித்தார். கப்பல் கட்டும் பெண்ணுக்கு நான்கு பிள்ளை பெற்றவளுக்குரிய உரிமை கிடைத்தது. அப்படியானால் கப்பலில் முதல் போடக்கூடிய பெண்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்!

அவரை நல்லவர் என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. பலரைக் கொல்வித்தார். அண்ணன் மகளையே மணந்தார். அந்த அக்ரிப்பினா காளானில் நஞ்சு வைத்து அவரைக் கொன்றதாகவும், அவர் மனைவியரின் சொல்லுக்கு ஆடியதாகவும் பழைய ஆசிரியர்கள் எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதை நினைவில் வைத்து வாசிக்கவேண்டும்.

கணவர் காணாமற்போன பின் பிள்ளைகளுடன் இரத்மலானையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாடகை அறையில் இருக்கும் வடபகுதிப் பெண்ணுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. சீதனக் காணி அவள் பெயரில்தான் உண்டு. வெள்ளவத்தையில் நொத்தாரிசிடம் போனால் கணவரின் சம்மதக் கையொப்பம் எங்கே என்று கேட்பார். வடக்கின் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. நாட்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட மனைவியருக்கு 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் இந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு இல்லாத தடை யாழ்ப்பாணப் பெண்ணுக்கு இருக்கிறது.

கணவர் இறந்துவிட்டால் விதவை தன் சொத்தைத் தானே கையாளலாம். அவர் எங்கே என்று தெரியாத நிலைதான் சிக்கல். அதற்கும் அதே சட்டத்தில் வழி உண்டு. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், மனநிலை பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். நீதிபதி அனுமதித்தால் கணவரின் கையொப்பமின்றியே உறுதி எழுதலாம். போகும்போது காணி உறுதி, விவாகப் பதிவு, கணவர் காணாமற்போனது பற்றிப் பொலிசிலோ ஆணைக்குழுவிலோ கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.