பச்சையில நிண்டாப் போதுமோ?

வற்றாப்பளையில அக்கா வீட்டுச் சாமித்தட்டுக்குக் கீழ ஒரு இளஞ்சிவப்புக் கொப்பி இருக்கும். பிள்ளையின்ர சுகாதார விருத்திப் பதிவேடு. பெடியனெண்டா நீலம். கிளினிக்கில் மாதாமாதம் நிறுத்துப்போட்டு, குடும்பநல உத்தியோகத்தர் அதில ஒரு புள்ளி வைப்பார்.

அக்காவின்ர மகள் 6 மாதத்தில் 7.3 கிலோ. அந்த வயதுப் பெண்பிள்ளைக்குச் சரியா நடுக்கோடு. 8 மாதத்தில் 7.5, 10 மாதத்தில் 7.6. மூன்றும் பச்சைக்குள்ளதான். "பச்சையில நிக்குது, பிறகென்ன" எண்டு எல்லாரும் விட்டிட்டம், நான் உட்பட.

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை பிறக்கேக்கயே நிறை குறைவு. 6 மாதத்தில் 5.6, 10 மாதத்தில் 6.6. இரண்டும் செம்மஞ்சள். "பிள்ளைக்கு ஒண்டும் குடுக்கிறேல்லையோ" எண்டு சனம் கேட்டுக் கேட்டே, அந்தத் தாய் ஒரு மாதம் கிளினிக் பக்கமே போகேல்லை.

இப்ப கணக்கைப் பாருங்கோ. நாலு மாதத்தில் அந்தப் பிள்ளை ஒரு கிலோ ஏறியிருக்கு. எங்கட பிள்ளை 300 கிராம். செம்மஞ்சளைக் கவனிக்கவேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் அந்தக் கோடு மேல போகுது, எங்கட கோடு படுத்திட்டுது. நாங்கள் நிறத்தைத்தான் பார்த்தம்.

"எங்கட சனம் இயல்பிலேயே சின்ன உடம்பு, வெள்ளைக்காரன்ர கோடு எங்களுக்கெதுக்கு" எண்டும் ஒரு கதை இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட இந்த வளர்ச்சிக் கோடுகள் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து வரையப்பட்டவை. தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் கிடைத்தால் முதல் ஐந்து வருடங்களில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரேமாதிரித்தான் வளருகினம் எண்டதுதான் அதில் தெரிஞ்சது. எங்கட பரம்பரையைச் சாட்டிறது வசதியான சாட்டு, அவ்வளவுதான்.

தாயைச் சாட்டிறதும் அப்பிடித்தான். 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை, 15 பேருக்கு உயரத்துக்கேற்ற நிறையில்லை. இவ்வளவு தாய்மாரும் கவனமில்லாதவையோ? நந்திக்கடல் இறாலை வித்து அரிசி வாங்கிற வீட்டில, அந்த இறால் பிள்ளையின்ர கோப்பைக்கு வராது. 2022இல் திரிபோஷாவுக்கே தட்டுப்பாடு வந்தது. அதுக்கெல்லாம் கொப்பியில நிறமில்லை.

10ஆம் மாதம் மிட்வைவ் அக்காதான் மூன்று புள்ளியையும் விரலால தொட்டுக் காட்டி, "என்ன தீத்திறியள்?" எண்டு கேட்டவா. கஞ்சித்தண்ணியும் பிஸ்கற்றும். இப்ப சோத்தோட முட்டை, மீன், பருப்பு, கொஞ்சம் தேங்காயெண்ணெய். போன மாதம் 7.9. அண்டைக்குப் பக்கத்து வீட்டுத் தாயையும் அக்காதான் கூட்டிக்கொண்டு போனவா.