கலிப்பருக்குள் கடற்காற்று



ஆடி அமாவாசை நெருங்குகிறது. கீரிமலைக்குப் போகிற வீதிகளில் இனி வான்கள் நிரை பிடிக்கும். தகப்பனை இழந்தவர்கள் விடியப்புறமே வந்திறங்கி, பிதிர்க்கடன் கழித்து, கேணியில் முழுகி, நகுலேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இந்தப் பக்கத்தில் வழமையாக அந்த நாளின் மகத்துவத்தைத்தான் எழுதுவோம். இம்முறை, அவர்களை ஏற்றி இறக்குகிற வானின் முன்சில்லுக்குப் பின்னால் இருக்கிற நாலு போல்ற்றுகளைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

கீரிமலையில் வான் வைத்து ஹயர் ஓடுகிற வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். பிறேக் பிடித்தால் வான் இடப்பக்கம் இழுக்கிறதாம். பாட் மாற்றப் போனால், பாட்டை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கிற கலிப்பரின் போல்ற் கழரவில்லை. பலம் போட்டுத் திருகியதில் அதன் தலை உருண்டுவிட்டது. "கோயில் வரலாறு எல்லாம் போடுறியள், இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்க மாட்டியளோ?" என்று முடித்திருந்தார். நியாயமான கேள்வி.

கீரிமலை வடக்கே கடலைப் பார்த்தபடி இருக்கிற ஊர். வாடை தொடங்கினால் அலைத் துமி நேரே கரைக்கு ஏறும். அந்த உப்பு சும்மா படிந்து கிடப்பதில்லை. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண கறியுப்பே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பிலே மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே மழை பெய்யாத நாளிலும், வெயில் எரிக்கிற நாளிலும்கூட, வானின் அடிப்பாகத்தில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் காயாமலே இருக்கிறது. இரும்புக்கு அதைவிடக் கேடு வேறு வேண்டியதில்லை. கறளானது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். போல்ற்றின் புரிக்கும் துளையின் புரிக்கும் இடையில் மயிரிழைதான் வெளி. அதற்குள் கறள் ஊதிப் பெருத்தால் யார் பலம் போட்டு என்ன?

வலிகாமம் வடக்குச் சனத்துக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1990இல் போரால் விட்டுவிட்டு ஓடிய வளவுகளுக்கு, 2009க்குப் பிறகு கட்டம் கட்டமாகத் திரும்பியபோது அவர்கள் கண்டது கறளைத்தான். கேற்றின் கீல், கிணற்றுக் கப்பி, தண்ணீர் மோட்டர், எல்லாமே கறள். 1990உடன் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் இரும்புகளையும் பார்த்தவர்கள்தானே.

ஆனால் அதே தொண்ணூறுகளில்தான் யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர்கள் உலகத்தில் எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத்தராததைக் கற்றார்கள். பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று ஐம்பதுகளில் வந்த கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலைக் காபிரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகையும் நாற்றமும் இன்னும் மூக்கில் நிற்கிறது. அந்தக் காலத்தில் ஒரு போல்ற்றை முறித்தால் இன்னொன்று கிடைக்காது. முறிக்காமல் கழற்றுவதுதான் தொழிலே. கழற்றியதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவித் திரும்பப் பூட்டினார்கள். எங்கள் கராஜ்களில் வயதானவர்கள் இன்றைக்கும் போல்ற் ஒன்றைக் கண்டால் முதலில் தொட்டுப் பார்ப்பதும் பிறகுதான் சாவியை எடுப்பதும் அந்தப் பழக்கத்தில் வந்தது. அந்தத் தலைமுறைக் கைகளோடு அது போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பழைய இங்கிலாந்துக் கார்களில் கலிப்பரே கிடையாது. நாலு சில்லிலும் டிரம் பிறேக்தான். 1953இல் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் கார் லு மான் ஓட்டப் பந்தயத்தில் வென்ற பிறகே உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. எங்கள் ஊருக்குக் கலிப்பர் பெருவாரியாக வந்தது ஜப்பான் வான்களோடு. அதிலும் 'டொல்பின்' என்று நாங்கள் பெயர் வைத்த ஹையேஸ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய வான்களுக்குத்தான் யோகம். விற்க வேண்டியதையெல்லாம் வைத்து ஓட்டினோம். வண்டியின் வயது ஏறியது, உப்பும் ஏறியது.

இனி அந்த நாலு போல்ற்றுக்கு வருவோம். ஒரு சில்லில் சிறியது இரண்டு, பெரியது இரண்டு. சிறியவை கலிப்பரை அதன் வழுக்கும் ஊசிகளோடு பிடித்து வைப்பவை. தலை பெரும்பாலும் 12 அல்லது 14 மில்லிமீற்றர். பாட் மாற்ற இவை போதும். பெரியவை கலிப்பர் தாங்கியைச் சில்லுக் கட்டையோடு இறுக்குபவை, 17 அல்லது 19. டிஸ்க்கைக் கழற்ற வேண்டுமென்றால் இவையும் வரவேண்டும். கடிதம் எழுதியவரின் வான் ஏன் இழுக்கிறது என்பதற்கு நான் கேட்ட மெக்கானிக் சொன்ன விளக்கம்: ஊசி கறளில் இறுகினால் கலிப்பர் வழுக்காது, பிஸ்டன் இருக்கிற உள்பாட் மட்டும் வேலை செய்யும். அது மட்டும் மெலிந்து தகடாகும், வெளிப்பாட் புதிதாகவே இருக்கும். சில்லைக் கழற்றிப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

பெரிய போல்ற்றில் ஒரு பொறி உண்டு. அதன் தலை உட்பக்கம், வண்டியின் நடுவைப் பார்த்தபடி இருக்கும். நாங்கள் வெளியே நின்று கையை வளைத்து விடுகிறோம். கழற்றும் திசை நம் கண்ணுக்கு எதிராகத் தெரியும். கழற்றுவதாக நினைத்து இறுக்கி, இறுகிய போல்ற்றை மேலும் இறுக்கி, கடைசியில் போல்ற்றையே திட்டுகிறவர்கள் ஏராளம். தலைக்கு நேரே நின்று பார்ப்பதாகக் கற்பனை பண்ணி, அங்கிருந்து இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும்.

இன்னொன்று, எங்கள் கராஜ்களுக்கே உரியது. பழைய இங்கிலாந்துக் கார்களின் தயவில் அங்குலச் சாவிகள் இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன. முக்கால் அங்குலச் சாவி 19 மில்லிமீற்றருக்கு அளவாக உட்காரும், குறையில்லை. அதை நம்பி 11/16 அங்குலத்தை 17க்குப் போட்டால் அரை மில்லிமீற்றரளவு ஆடும். கறளில் தின்னப்பட்ட தலைக்கு அந்த ஆட்டம் போதும், மூலைகள் உருண்டுவிடும். பன்னிரண்டு முனைச் சொக்கற்றும் வேண்டாம். ஆறு முனைச் சொக்கற்றை, கறளைச் சுரண்டிய பிறகு, சுத்தியலால் தட்டி அடிவரை இறக்க வேண்டும். ஏற்கெனவே உருண்ட தலைக்கு ஒரு இலக்கம் சிறிய சொக்கற்றை அடித்து ஏற்றுவார்கள். அதுவும் வழுக்கினால் தலையில் ஒரு நட்டை ஒட்டவைத்துத் திருகுவார்கள். அதற்கு வெல்டிங்காரர் வேண்டும்.

நிலத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வளவு மண்ணில் ஜக் சரியும். கீழே தடித்த பலகை, மற்றச் சில்லுகளுக்கு அடைப்பு, ஜக்கோடு நிற்காமல் ஸ்ராண்டு. நீளக் குழாயைச் சாவியில் மாட்டி இழுக்கிற வேலை, வண்டி அசைந்தால் ஆளின் உயிருக்கு உத்தரவாதமில்லை.

போல்ற்றைக் கம்பிப் பிறஷ்ஷால் உரசி, ஊடுருவும் ஒயிலை முதல்நாள் பின்னேரமே விட்டு வைக்க வேண்டும். டிஸ்க்கிலும் பாட்டிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. இரவில் ஊறட்டும். மறுநாள் தலையில் நேராக, சத்தம் வரும்படி நாலைந்து தட்டு. பிறகு கழற்றுகிற பக்கம் உடனே இழுக்காமல், முதலில் ஒரு நூலளவு இறுக்கப் பார்ப்பது. கறள் எந்தப் பக்கம் உடைந்தாலும் உடைந்ததுதானே. 'டிக்' என்று ஒரு ஒலி கேட்டால் மனம் குளிரும். அரைச் சுற்று வந்ததும் நிறுத்தி, திரும்ப உள்ளே விட்டு, ஒயில் விட்டு, வெளியே எடுத்து, மறுபடி உள்ளே. ஒரே மூச்சில் இழுக்கிறவன் நடுவழியில் முறிப்பான். எந்த ஒலியும் இல்லாமல் றப்பர் மாதிரி இழுபட்டால் போல்ற் முறுகுகிறது என்று அர்த்தம். கையை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாகத்தான் நெருப்பு. போல்ற்றை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கிற இரும்பைச் சூடாக்க வேண்டும். சுற்றுப்புறம் விரிந்து பிடி தளரும். சூடு தணியும்போது மெழுகுதிரியைப் போல்ற்றில் வைத்தால் மெழுகு உருகிப் புரிக்குள் தானே இறங்கும், எங்கள் மெக்கானிக் கொட்டிலில் பார்த்தது. பிறேக் குழாய், றப்பர் உறை, வயர் எல்லாவற்றையும் ஒதுக்கி, ஈரச்சீலை பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வேலை. குளோரின் கலந்த பிறேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்புக் காட்டவே கூடாது. பொஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும், முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பாவித்தது அதைத்தான். கழற்றிய கலிப்பரை அதன் குழாயில் தொங்கவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பியால் கட்டித் தூக்கி வைக்க எவ்வளவு நேரம்?

என் மனதில் படுவது, கழற்றும் கஷ்டத்தில் பாதி, முன்பு பூட்டினவர் விட்டுச் சென்றது. கறள் தின்ற போல்ற்றையே திரும்பப் போட்டு, எஞ்சின் கிறீஸை ஊசியில் அப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிறீஸில் றப்பர் உறை ஊதிப் பிளக்கும். பிளவால் ஈரம் உள்ளே போகும், ஊசி இறுகும். பிறேக்குக்கென்று விற்கிற சிலிக்கோன் கிறீஸ் ஒரு சிறிய பக்கற் விலை பெரிதல்ல. கூலியில் அதைக் கணக்குப் பார்க்காதீர்கள் என்று வான் சொந்தக்காரருக்கும் சொல்கிறேன், மலிவாகச் செய்யச் சொல்லி நெருக்குகிறவர் பெரும்பாலும் அவர்தான். புதிய போல்ற், துடைத்த புரி, பிறகு சாவி. சிறியதற்கு ஏறத்தாழ 30 நியூற்றன் மீற்றர், பெரியதற்கு 100ஐ அண்டி என்பது ஜப்பான் வண்டிகளுக்குப் பொதுவான அளவு. வண்டிக்கு வண்டி மாறுவதால் அதன் கைநூலைப் பார்ப்பதே சரி. எல்லாம் பூட்டியானதும் வண்டியை எடுக்கும் முன் பிறேக் மிதியை இறுக்கம் வரும்வரை மிதிக்க வேண்டும். பாட் மாற்றியபின் முதல் மிதி சும்மா இறங்கும், கேற்றடியில் மதிலை இடித்தவர்கள் அதனால்தான் இடித்தார்கள்.

கீரிமலையிலும் காங்கேசன்துறைக் கரையிலும் அடிக்கடி வண்டி நிறுத்துகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் நன்னீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். சில்லு சூடாக இருக்கும்போது மட்டும் டிஸ்க்கில் நீரடிக்க வேண்டாம்.

அடுத்த இதழில் இருந்து 'கைவேலை' என்றொரு பகுதி தொடங்குகிறோம். மண்ணெண்ணெய்க் காலத்தில் கராஜ் நடத்தியவர்கள், அங்கே எடுபிடியாக நின்றவர்கள், மீன்பிடி வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர்கள், தையல் மெசின் பழுது பார்க்கிறவர்கள் எழுதலாம். எழுத்து நடை, எழுத்துப்பிழை எங்கள் பொறுப்பு. எழுத வராதவர்கள் தகவல் அனுப்பினால் நாங்களே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். கடிதம் எழுதிய கீரிமலை வாசகருக்கு ஒரு செய்தி: தலை உருண்ட போல்ற்றை மேலும் திருகாமல், ஒயில் விட்டு அப்படியே வைத்திருங்கள். அமாவாசை ஹயரை அந்த வானில் பிடிக்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்