மேடை ஒரு ராத்திரி, ஆல்பம் ஆயுசுக்கும்: ‘ருத்ரா’ சொல்லித்தரும் மெட்டல் பாடம்!

ஜூன் 21 என்றால் புதுச்சேரியில் இசைக்கான நாள். பிரான்ஸில் 1982-ல் தொடங்கிய ‘ஃபெத் தெ லா மியூசிக்’ விழா இங்கேயும் கொண்டாடப்படுகிறது. கிட்டார் அலறும், டிரம்ஸ் அதிரும், கூட்டம் ஆடும். மறுநாள் காலையில் என்ன மிச்சம்? மொபைலில் 30 விநாடி ரீல்ஸ்!

ஒரு இசைக்குழுவின் உண்மையான ஆயுள் மேடையில் இல்லை, அது பதிவு செய்து வெளியிடும் ஆல்பத்தில்தான் இருக்கிறது. இதற்கு நல்ல சாட்சி, சிங்கப்பூரின் ‘ருத்ரா’.

யார் இந்த ருத்ரா?

1992-ல் தொடங்கிய குழு. பாடகரும் பேஸ் கிட்டாரிஸ்ட்டுமான கதிரேசன்தான் முகம். டெத் மெட்டலின் உறுமலோடு சமஸ்கிருத மந்திரமும் வேதாந்தமும் கலந்ததால், ‘வேதிக் மெட்டல்’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. இடையில் ஒருமுறை குழு கலைந்து, மறுபடி கூடியது. முதல் முழு ஆல்பம் வந்தது 1998-ல். அதாவது, தொடங்கி 6 வருஷம் கழித்து!

அதன்பிறகு நிற்கவில்லை. 2001-ல் ‘தி ஆர்யன் க்ரூசேட்’, 2003-ல் ‘குருக்ஷேத்ரா’. அடுத்து ‘பிரம்மவித்யா’ வரிசையில் 2005, 2009, 2011 என மூன்று ஆல்பங்கள். ஒரே கருத்தை முடிக்க 6 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். 2013-ல் ‘ரிதா’, 2016-ல் ‘எனிமி ஆஃப் டூயாலிட்டி’. மொத்தம் 18 ஆண்டுகளில் 8 ஆல்பங்கள். சினிமா வாய்ப்பு, ஹிட் பாட்டு எதையும் நம்பி இது நடக்கவில்லை.

‘கவர் பாட்டுக்குத்தானே கூட்டம் வருது?’

உண்மைதான். டெல்லியின் ‘பிளட்டிவுட்’ கூட யூடியூபில் பிரபலப் பாடல்களை மெட்டலாக மாற்றித்தான் கவனம் பெற்றது. ஆனா, அங்கேயே நிற்கவில்லை. சொந்தப் பாடல்களுக்கு மாறியது. 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடை ஏறியது. 2022-ல் ‘ரக்‌ஷக்’ ஆல்பத்தை எந்த லேபிளும் இல்லாமல் தானே வெளியிட்டது. கவர் பாட்டு வாசல் மட்டுமே, வீட்டை சொந்தப் பாட்டில்தான் கட்ட முடியும்.

சரி, காசு?

சிக்கல் இங்கேதான். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டால்தான் பதிவுக்கான ராயல்டி கணக்கில் சேரும். 999 என்றால் பூஜ்யம்! சின்ன ஊர் குழுவுக்கு இது பெரிய அடி. பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ரசிகர் நேரடியாக வாங்கினால், டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் கமிஷன் 15% வரைதான். பேமென்ட் கட்டணம் போக, மீதி குழுவுக்கே. ஆயிரம் பேர் சும்மா கேட்பதைவிட, பத்துப் பேர் வாங்குவது சின்ன குழுவுக்கு அதிகம் உதவும்.

அதனால் பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. குழுக்கள் ‘எல்லாம் பக்காவாக அமையட்டும்’ என்று காத்திருக்காமல், நாலு பாட்டையாவது ஒழுங்காகப் பதிவு செய்து வெளியிட வேண்டும். ஒரு காபிக்கு 200 ரூபாய் யோசிக்காமல் கொடுக்கும் ரசிகர்கள், பாட்டுக்கும் கொடுத்துப் பழக வேண்டும்.

அடுத்த ஜூன் 21-ல் கைதட்டி முடித்ததும், மேடையிலிருந்து இறங்குபவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்க சொந்தப் பாட்டு எங்கே கிடைக்கும்?”